பழைய அவுட்போர்டு கியர்பெட்டி: ஒரு சீலை மட்டும் மாற்றுவதா, முழு கிட் போடுவதா?

1950, 60களின் ஜான்சன், எவின்ரூட் படகு மோட்டார்களில் கியர் ஆயில் பால்போல வெளுத்து வடிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. கசியும் இடத்தை மட்டும் அடைக்கலாம். அல்லது கிட் வாங்கி எல்லாச் சீலையும் (ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையங்கள்) மாற்றலாம். மோட்டாரின் வயதை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம், காற்றுச் சோதனையே சொல்லிவிடும்.

ஆயிலை வடித்து, ஓர் ஆயில் துளையில் கைபம்ப்பை மாட்டி, மற்றதை மூடுங்கள். முதலில் 3 முதல் 6 பி.எஸ்.ஐ. அழுத்தம்; அது நின்றால் 16–18 வரை. ஷாஃப்டுகளைச் சுற்றியும் ஷிஃப்ட் ராடை (கியர் மாற்றும் கம்பி) அசைத்தும் சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து வேக்குவம், அதாவது உள்காற்றை உறிஞ்சிப் பார்ப்பது: முதலில் 3–5 அங்குலப் பாதரசம், பிறகு 15. பலர் அழுத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் வேக்குவத்தால்தான்: ஓடிச் சூடான பெட்டி, மோட்டாரை நிறுத்தியதும் குளிர்ந்து, உள்காற்று சுருங்கி வெளிநீரை இழுக்கும். உதடு (ஷாஃப்டை உரசும் விளிம்பு) ஆயில் பக்கம் பார்த்த சீல் அழுத்தத்தில் நின்று, வேக்குவத்தில் விட்டுவிடலாம்.

குமிழி ஆயில் திருகுகளில் மட்டும் வந்தால் வாஷர் மாற்றினால் போதும். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேல் புதியதைப் போடுவதுதான் இங்கே வழக்கமான கோளாறு. ஊசியால் கிளறிப் பாருங்கள். சில மாடல்களில் வடிதிருகுக்குப் பக்கத்தில் நட்சத்திரத் தலைத் திருகு ஒன்று இருக்கும். அது ஷிஃப்ட் நெம்புகோலின் அச்சு. அதைக் கழற்றினால் பெட்டியையே பிரிக்க வேண்டிவரும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் மட்டும் கசிந்தால் (சுற்றிய தூண்டில் நரம்பு உதட்டை அறுத்திருக்கும்) பல மாடல்களில் பெட்டியைப் பிரிக்காமலே மாற்றிவிடலாம். சீலின் தகட்டில் சிறு திருகுகளை ஏற்றி இழுப்பது வேகமான வழி. ஆனால் திருகு ஷாஃப்டைக் கீறினால் புதுச் சீலும் கசியும். சீலை இழுத்தெடுக்கும் புல்லர் கருவி இருந்தால் அதுவே மேல்.

டிரைவ் ஷாஃப்ட் (என்ஜினிலிருந்து கியருக்கு இறங்கும் தண்டு) சீல் கசிந்தால் மட்டும் பேச்சு மாறுகிறது. அதை அடைய கீழ்ப்பகுதியைக் கழற்றி, வாட்டர் பம்ப்பையும் எடுக்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்ட நிலையில் ஒரே சீலை மாற்றி மூடுவது வீண் சிக்கனம். முழு கிட், கூடவே பம்ப்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரையும் மாற்றிவிடுங்கள். ஷிஃப்ட் ராடு ஓ-ரிங்கைத்தான் பெரும்பாலோர் மறப்பார்கள். எல்லாம் புதிதாக இருந்தும் ஆயில் வெளுப்பதற்கு அதுவே காரணமாகிறது.

சீலைவிட ஷாஃப்டின் மேற்பரப்பே முக்கியம். உதடு உராய்ந்த இடத்தில் நகம் மாட்டினால் மூன்று வழிகள். புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பது இலவசம், ஆனால் சீல் உட்காரும் குழியில் அதற்கு இடம் வேண்டும். மெல்லிய எஃகு ஸ்லீவ் (எஸ்.கே.எஃப். ஸ்பீடி-ஸ்லீவின் கனம் 0.28 மி.மீ.) ஆழமான காடிக்கும் ஏற்றது, சரியான அளவு கிடைப்பதுதான் பாடு. ஷாஃப்ட் துருவால் குழிவிழுந்திருந்தால் வேறு ஷாஃப்ட்தான். 400-க்கு மேற்பட்ட நம்பர் உப்புத்தாள் அழுக்கை எடுக்கும், பள்ளத்தை நிரப்பாது.

கிடைமட்டமாகப் பிரியும் பெட்டிகளில் கயிறுபோன்ற ரப்பர் சீல் சுற்றி ஓடும். முனைகளைத் துளி நீளமாக விட்டு நறுக்கினால்தான் அழுந்திப் பொருந்தும். இணைப்பில் சிலிகானைவிட இறுகாத கேஸ்கெட் சீலன்ட் நல்லது, அதுவும் மெல்லிய பூச்சாக. பிதுங்கிய சிலிகான் துண்டுகள் பேரிங்குக்குள் போய்விடும்.

மூடியதும் இரு சோதனைகளையும் மறுபடி செய்த பிறகே ஆயில். கீழ்த்துளையிலிருந்து மேல்துளையில் வழியும்வரை நிரப்பி, மேல்திருகை முதலில் இறுக்கி, பிறகு குழாயை எடுத்துக் கீழ்த்திருகைப் போடுங்கள். கையால் மாற்றும் கியருக்கு ஹைப்பாய்டு 80W-90 கியர் ஆயில் சரி. எலெக்ட்ரிக் ஷிஃப்ட் மாடல்களுக்கு அது ஆகாது, அவற்றுக்கென்று சொன்ன ஆயில் மட்டுமே. முதல் ஓட்டத்துக்குப்பின் ஓர் இரவு நிமிர்த்தி வைத்து, காலையில் கீழ்த்திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும்.