சேலம் மொட்டை மாடியா, ஏற்காட்டுச் சரிவா?

ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலியில், தென் அமெரிக்காவின் பெருவில் இருக்கும் ஒருவரைப் பிடிக்க வேண்டும். இங்கிருந்து 17,000 கிலோமீட்டருக்கு மேல், பூமியின் கிட்டத்தட்ட மறுபுறம்.

மாடியில் வசதி உண்டு. 14 மெகாஹெர்ட்ஸுக்கான 10 மீட்டர் நீள டைபோல் கம்பி (நடுவில் இணைப்பு கொடுத்த ஆண்டெனா) தண்ணீர்த் தொட்டிக்கும் மூங்கிலுக்கும் நடுவே தொங்குகிறது. விடியற்காலையில் லுங்கியோடு போய் உட்காரலாம். ஆனால் இரைச்சல்! விசைத்தறி, எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து சிக்னல் பலம் காட்டும் மீட்டர் முள்ளை எஸ்-7 என்ற உயர்ந்த அளவில் நிறுத்திவிடும். என் 100 வாட் சிக்னல் பெருக்காரருக்குக் கேட்டாலும் அவர் பதில் எனக்குக் கேட்காது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரத்தால்தான் தூரம் கிடைக்கிறது என்பது தப்புக் கணக்கு; 200, 300 கிலோமீட்டர் மேலே இருந்து அலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? சரிவுதான் விஷயம். கம்பிக்கு முன்னால் நிலம் இறங்கிப் போனால் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பும், தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே அது போடும் தாவல்களும் குறையும். இரைச்சல் எஸ்-2தான்.

அப்புறம், பேட்டரியோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இடி மின்னல் என்றால் உடனே கம்பியைக் கழற்ற வேண்டும். இருந்தாலும் பெருவுக்கு என் ஓட்டு மலைக்குத்தான். மாடியை விட்டு நகர முடியாதவர்கள் குரலை விட்டுவிட்டு, இரைச்சலுக்கு நடுவிலும் எளிதாகப் பிடிபடும் புள்ளி-கோடு மோர்ஸில் தட்டிப் பார்க்கலாம்.