உப்புக்காற்றில் வெனடியம் சில்லு: ஓர் ஆய்வகப் பெட்டியின் நிறைகுறை

வெனடியம் டை ஆக்சைடு, சூடேறினாலோ ஹைட்ரஜன் ஏறினாலோ மின்காப்பு நிலையிலிருந்து உலோகம்போல் கடத்தும் நிலைக்கு மாறும். அதை மாணவர் அளந்து பார்க்கும் பெட்டி இது. திறந்தால் 1 செ.மீ. சதுர சஃபையர் தட்டில் 50 நானோமீட்டர் கனத்துக்கு வெனடியம் டை ஆக்சைடு பூசிய சில்லு இரண்டு, சிறிய ஹீட்டர் தட்டு, மின்தடை அளக்க நான்கு முனைப் பின் கட்டை, வெப்பநிலை அளக்கத் தெர்மோகப்பிள், ஒரு துண்டு தாமிரக் கம்பி, எட்டுப் பக்கக் கையேடு. ஆசிட் நம் பாடு. கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். கையேட்டை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சூடாக்கும் பகுதியில் குறை இல்லை. 1959-இல் பெல் ஆய்வகத்தின் மோரின் அறிவித்த அதே மாற்றம்தான். அறையில் 2 லட்சம் ஓம் காட்டும் படலம் 68 டிகிரியை ஒட்டிச் சரிந்து, 80 டிகிரியில் 100 ஓம் அளவுக்கு வந்து நிற்கும். ஆறும்போது சில டிகிரி தாழ்ந்துதான் பழைய நிலைக்குத் திரும்பும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தெர்மோகப்பிள் பின்தங்கி, அந்த இடைவெளி பொய்யாக அகலும். நிமிடத்துக்கு 2 டிகிரி போதும். இன்னொன்று: கையேட்டில் உள்ள எண் 25 டிகிரிக்கு உரியது. மே மாதத்து 35 டிகிரி அறையில் ஏறக்குறைய கால் பங்கு குறைவாகக் காட்டும். சில்லு கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

வாங்குவதற்கான காரணமே ஹைட்ரஜன் ஏற்றும் பகுதிதான். பிளாட்டினம் பூச்சும் ஹைட்ரஜன் சிலிண்டரும் இல்லாமல், ஆசிடிலேயே ஏற்றிவிடலாம் என்ற வழி 2018-இல் வெளியானது. புது பேட்டரி ஆசிட் (அடர்த்தி 1.28) 4 மி.லி. எடுத்து 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் மெல்ல ஊற்றினால் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது. போர் தண்ணீரும் வேண்டாம், இந்தப் பக்கத்து உப்பு அளவீட்டைக் கெடுக்கும். கம்பி படலத்தைத் தொட்டபடி முதலில் பொருந்தியிருக்க வேண்டும், அதன் பிறகே சில்லு ஆசிடில் இறங்க வேண்டும். இந்த வரிசையைக் கையேடு அழுத்திச் சொல்லவில்லை. படலத்தின் மொத்த எடையே சுமார் 23 மைக்ரோகிராம். உலோகத் தொடுகை இல்லாவிட்டால் ஆசிட் அதைக் கரைத்துவிடும், கையில் வெறும் சஃபையர்தான் மிஞ்சும். தொடுகை இருந்தால் உலோகத்திலிருந்து எலக்ட்ரானும் ஆசிடிலிருந்து புரோட்டானும் சேர்ந்தே உள்ளே போகும். புரோட்டான் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும், எலக்ட்ரான் வெனடியத்துக்குப் போகும். இணை இணையாக நின்ற வெனடியம் அணுக்கள் பிரிந்து, சூடாக்காமலே படலம் உலோகமாகும்.

கையேடு இத்தோடு நிறுத்தி, 'ஹைட்ரஜன் சேர்த்தால் கடத்தும்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. பாதிதான் சரி. தாமிரத்தைவிட எளிதாக எலக்ட்ரான் விடும் அலுமினியத்தை வைத்து ஏற்றிக்கொண்டே போனால், வெனடியம் ஒன்றுக்கு ஹைட்ரஜன் ஒன்று என்ற அளவை நெருங்கும்போது படலம் மறுபடி மின்காப்பாகிவிடும். சமேரியம் நிக்கலேட் என்ற வேறோர் ஆக்சைடிலோ தொடக்கமே தலைகீழ்: ஹைட்ரஜன் ஏறினால் மின்தடை கோடி மடங்கு வரை உயரும். அந்தப் பொருளைக் கொண்டு உப்புநீரில் மின்புலத்தை உணர முடியும் என்று பர்டூ பல்கலைக்கழகக் குழு 2018-இல் காட்டியது. கடலோரக் கல்லூரிக்கு விற்கும் பெட்டியில் அப்படி ஒரு சில்லுகூட இல்லாதது பெரிய குறை.

நம் கரையில் உண்மையான சிக்கல் பின் கட்டையில்தான். காற்றில் வரும் உப்பு அந்தப் பிளாஸ்டிக்கில் படிந்து ஈரம் இழுத்தால், பின்னுக்குப் பின் மின்சாரம் கசியும். மீட்டர் 2 லட்சத்துக்குப் பதில் 90 ஆயிரம் காட்டும், மாணவர் 'ஹைட்ரஜன் ஏறிவிட்டது' என்று எழுதிவிடுவார். பிரித்தறிய ஒரு வழி உண்டு. மெதுவாக 50 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். ஈரக்கசிவு என்றால் காயக் காய மின்தடை முதலில் கூடும், பிறகு 68-இல் வழக்கமான சரிவு அப்படியே வரும். ஹைட்ரஜன் நன்றாக ஏறியிருந்தால் அந்தச் சரிவே இருக்காது. கட்டையை முதலில் டிஸ்டில்டு வாட்டரிலும் பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் துடைத்து, காய்ந்த பிறகு பூட்டினால் பாதித் தலைவலி போகும்.

ஏறிய ஹைட்ரஜனைக் காற்றில் சூடாக்கி வெளியேற்றி, சில்லைத் திரும்பப் பயன்படுத்தலாம். அடுப்பில் போட்டதுபோல் காய்ச்சினால் வெனடியம் பென்டாக்சைடாகிவிடும், பிறகு 68 டிகிரியில் ஒன்றும் நடக்காது. மிஞ்சிய ஆசிடைச் சலவைச் சோடா போட்டு நுரை அடங்கும்வரை நடுநிலையாக்குங்கள். வெனடியம் நச்சு என்பதால் தொட்டியில் கொட்டாமல் தனிப் போத்தலில் சேர்ப்பது நல்லது.

ஹீட்டர் தட்டின் நான்கு இரும்புத் திருகுகளையும் முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் போடுங்கள். சில்லுகள் சிலிகா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும். பெட்டியோடு தரும் அட்டை உறை வாடைக்காற்று மாதங்களைத் தாங்காது.