சிவகங்கைச் சீமைப் படைக்கு எந்தப் பொம்மை? மென் பிளாஸ்டிக், கடின பிளாஸ்டிக், ஈயம்: ஓர் அலசல்

வாட்டர்லூ, ஜூலு போர், இரண்டாம் உலகப் போர் என்று எந்தச் சண்டையைச் சொன்னாலும் அதற்கொரு பொம்மைச் சிப்பாய்ப் பெட்டி இருக்கிறது. 1801-இல் சிறுவயலிலும் காளையார்கோவில் காட்டிலும் நின்ற மருது சகோதரர்களின் ஆட்களுக்கு அப்படி ஒரு பெட்டியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. சிறுவயல் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்த கிழக்கிந்தியக் கும்பெனிப் படை, வாரக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு அந்த வழியையே கைவிட்டது. மேசைமேல் அமைக்க இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. பிற நாட்டுப் பொம்மைகளை வாங்கி, தலையையும் ஆயுதத்தையும் மாற்றி, நிறம் பூசி நம் ஆட்களாக்குவதுதான் வழி.

எந்தப் பொம்மையை வாங்குவது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டமாக நிறுத்த மென் பிளாஸ்டிக், கிட்டத்தில் வைத்துப் பார்க்கக் கடின பிளாஸ்டிக். ஈயப் பொம்மையை வெட்டவே கூடாது. எதை வாங்கினாலும், அதற்கு ஏற்ற பசையும் நிறமும் வேறு வேறு. பலருடைய வேலை பாதியில் உரிந்துபோவது இந்த ஜோடி பொருந்தாததால்தான்.

அளவைப் பார்ப்போம். மென் பிளாஸ்டிக் சிப்பாய்கள் பெரும்பாலும் 1/72 அளவில், அதாவது நிஜ ஆளில் 72-இல் ஒரு பங்காக, வருகின்றன. ஆள் உயரம் ஏறக்குறைய 24 மி.மீ. ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கில நிறுவனம் 1959-இல் தொடங்கிவைத்த வகை இது. இன்று இத்தாலேரி, ஹாட், ஸ்வெஸ்டா எல்லாம் இந்த அளவில் செய்கின்றன. கடின பிளாஸ்டிக்கில் பெர்ரி, வார்லார்ட் போன்றவை தருவது 28 மி.மீ.; தோராயமாக 1/56 என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஈயச் சிப்பாய்கள் 54 மி.மீ., அதாவது ஏறத்தாழ 1/32. ஆறடி ஈட்டி 1/72-இல் 25 மி.மீ. வரும், ஒரு குண்டூசி நீளம். பிறை போல வளைந்த எறி ஆயுதமான வளரி ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால் 1/72-இல் 6 மி.மீ., 28 மி.மீ. ஆளின் கையில் 8, ஈயச் சிப்பாய்க்கு 14. கையில் பிடித்து வேலை செய்கிறவருக்கு 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

மென் பிளாஸ்டிக் என்பது பாலித்தீன். ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், விலையும் தாங்கும். கத்தியால் வெட்டினால் வெண்ணெய் போல வெட்டுப்படும். வளைந்துபோன துப்பாக்கியைச் சுடுதண்ணீரில் முக்கி, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்கும். குறையும் அதே பாலித்தீனால்தான்: எதுவும் அதில் ஒட்டாது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய தலை இரண்டு நாளில் கையோடு வந்துவிடும். பசையை நம்பாமல் ஆணி அடிப்பதுதான் இங்கே சரி. கழுத்தில் சூடான ஊசியால் துளை போட்டு, சிறு கம்பித்துண்டைச் செருகி, அதன்மேல் தலையை இறக்க வேண்டும். ஈட்டிக்கும் இதுவே வழி. கூடவே வந்த பிளாஸ்டிக் ஈட்டியை வெட்டி எறிந்துவிட்டு, குண்டூசியின் கொண்டையை நறுக்கி, முனையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கிக் கையில் துளைத்து நுழைத்துவிடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் முனையை அரத்தால் கொஞ்சம் மழுக்கிவிடுவது நல்லது. சின்ன அரம், சாமணம், மெல்லிய துளைப்பான் எல்லாம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். இதற்கென்று வெளியூரில் சொல்லி வாங்க வேண்டியதில்லை.

கடின பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் அது ஒட்டு என்றே சொல்ல முடியாது. தலை, கை, பை எல்லாம் தனித்தனியாக வருவதால் ஒரு பெட்டியின் உடலில் இன்னொரு பெட்டியின் கையை வைக்கலாம். வளரி எறியும் கையை, தோளுக்கு மேலே பின்னால் இழுத்து ஓங்கிய நிலையில், உங்கள் விருப்பத்துக்குத் திருப்பி ஒட்ட முடிவது இதில்தான். மென் பிளாஸ்டிக்கில் கை உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் அப்படித் திருப்ப முடியாது. விலை, இறக்குமதிச் செலவு, காத்திருப்பு எல்லாம் கூடுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பெரிய மருதுவையோ சின்ன மருதுவையோ செய்வதாக இருந்தால் நான் இதில்தான் செய்வேன்.

முப்பரிமாண அச்சும் இருக்கிறது. உருவத்தின் கணினிக் கோப்பை அனுப்பினால் ரெசினில் அச்சடித்துத் தருகிறவர்கள் பெருநகரங்களில் உண்டு. முகமும் மீசையும் அழகாக வரும். மெல்லிய ஆயுதங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி முறிந்துவிடும். தலைகளை மட்டும் அச்சடித்து வாங்குவது புத்திசாலித்தனம். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

ஈயத்துக்கு வருவோம். உள்ளே வெற்றிடமாக ஈயச் சிப்பாய் வார்க்கும் முறையை இங்கிலாந்தின் பிரிட்டன் குடும்பம் 1893-இல் கொண்டுவந்தது. கடல் கடந்து போய்வந்த வீடுகளின் பரணில் எனாமல் தூக்குகளோடும் சுவர்க் கடிகாரங்களோடும் இவையும் கிடந்திருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது ஒன்றிரண்டு கண்ணில் படும். நிறம் போய், துப்பாக்கி முறிந்து இருக்கும். இதை மாற்றினால் என்ன என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஈயத்தை அரத்தால் தேய்த்தால் வரும் தூள் விஷம், அதுவும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நினைத்தே பார்க்கக்கூடாது. அதன் மதிப்பும் அந்தப் பழைய பூச்சில்தான் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் மாவு பூத்திருந்தால், மூடிய மரப்பெட்டிக்குள் கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கிறது என்று அர்த்தம். காற்றோட்டமுள்ள கண்ணாடி அலமாரிக்கு மாற்றிவிட்டு, அப்படியே விடுங்கள்.

தலைப்பாகை: எதில் செய்வது?

ஆளை அடையாளம் காட்டுவது தலைதான். கும்பெனியின் மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, மார்பில் வெள்ளைக் குறுக்கு வார், தொடையோடு நிற்கும் வெள்ளை அரைக்கால் சராய், காலில் செருப்பு, தலையில் நீலப் பாகை. தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பியை அணியச் சொன்னதும், தாடியையும் நெற்றிக் குறியையும் தடை செய்ததும் 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்க் கலகமாக வெடித்தது. 1801 காட்சியில் அந்தப் பிந்தைய தொப்பி வரக்கூடாது. நெப்போலியன் காலத்து ஆங்கிலக் காலாட்படைப் பெட்டியை வாங்கி, உயரமான ஷாகோ தொப்பியைப் புருவத்துக்கு மேலே வெட்டிவிட்டுப் பாகை கட்டினால் வேலை பாதி முடிந்தது. கால்சட்டையைத் தொடை நடுவில் ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே உள்ள மடிப்புகளை வழித்துவிட்டால் வெறுங்கால்.

பாகைக்கு மூன்று வழி. முதலாவது, குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசைமாவு. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், கல் மாதிரி இறுகும், பிறகு தேய்க்கலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் விறைத்துக்கொள்ளும். துணி மடிப்பின் கூர்மை முழுசாக வராது. இரண்டாவது, நீலமும் மஞ்சளுமாக வந்து பிசைந்தால் பச்சையாகும் கிரீன் ஸ்டஃப் என்ற பசைமாவு. நிதானமாக இறுகும், இறுகியபின்னும் கொஞ்சம் வளையும், ஊசி முனையால் கீறிய மடிப்பு அப்படியே நிற்கும். விலைதான் கூடுதல். மூன்றாவது நூல் அல்லது டிஷ்யூ காகிதம், ஃபெவிகாலில் நனைத்தது. நூல் நிஜத் துணி என்பதால் நிஜம் போலவே இருக்கும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.2 மி.மீ. தையல் நூல் 1/72-இல் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு. பாகை கட்டிய மாதிரி இருக்காது, தேர் வடம் சுற்றிய மாதிரி இருக்கும். பெரிய 54 மி.மீ. பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு மட்டும் நூல் சரிப்படும். சின்னதற்கு டிஷ்யூவை அரை சென்டிமீட்டர் பட்டையாகக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து, இரண்டு விரலால் லேசாக முறுக்கி, காதுக்கு மேலிருந்து குறுக்காக இரண்டு சுற்று. கடைசி முனையைப் பின்னால் தொங்கவிட்டால் அதுவே முந்தி. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒவ்வொரு ஆளின் கட்டும் வேறு வேறாக வரும்.

மருது தரப்புக்கு வெற்றுடம்பு தேவை. கோட்டுப் போட்ட ஐரோப்பிய உடலில் கோட்டைச் செதுக்கி எடுப்பது வீண் சிரமம். ஜூலு வீரர்கள் பெட்டி இரண்டு அளவிலும் கிடைக்கிறது. கேடயத்தை எடுத்துவிட்டு, இடுப்பில் டிஷ்யூ வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள். கொண்டை வேண்டுமானால் ஒரு கடுகளவு கிரீன் ஸ்டஃப். வளரிக்கு மின்வயரின் செம்புக் கம்பி போதும். தட்டையாக்கி, பிறை போல வளைத்து, பிடி முனையை மட்டும் அரத்தால் மெலிதாக்குங்கள். மறுமுனை கனமாக இருப்பதுதான் அதன் லட்சணம். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் அதே மருதுவை எதிர்த்துக் காட்டுக்குள் வந்த படையில் அவரும் இருந்தார். இருவரையும் ஒரே மேசையில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் வெல்ஷ் உருவத்துக்குக் கடின பிளாஸ்டிக் அதிகாரி ஒருவரை ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். சிப்பாய்களின் தோல் வாருக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க ஃபாயிலைக் கீற்றாக நறுக்கினால் கச்சிதமாக இருக்கும்.

நிறம்

இங்கேதான் ஜோடிப் பொருத்தம் முக்கியம். துணிக்குப் பூசும் ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கும். அதனால் வளைகிற மென் பிளாஸ்டிக்குக்கு அது பொருத்தம். பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிசாக அடித்து, அதன்மேல் தண்ணீர் கலந்த பூச்சு இரண்டு மூன்று. கடைசியில் மேட் வார்னிஷ். இல்லாவிட்டால் பிசுபிசுப்பு போகாது, செம்மண் தூசியும் அப்பிக்கொள்ளும்.

கடின பிளாஸ்டிக்குக்கு வயேஹோ, சிட்டடல் மாதிரி மாடல் நிறங்கள். நிறத்தூள் மிக நைசாக அரைத்திருப்பதால் ஒரு மெல்லிய பூச்சே மூடிவிடும், செதுக்கிய கண் இமைகூட மறையாது. அதே இடத்தில் துணி நிறத்தைப் பூசினால் முகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். கதவுக்கு அடிக்கும் எனாமல் எதற்கும் வேண்டாம்: தடிமன், பளபளப்பு, காய ஒரு நாள்.

அக்ரிலிக்குக்கு நம் ஊர்ச் சித்திரை வெயில் பெரிய எதிரி. தூரிகையிலேயே காய்ந்துவிடும். தட்டில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விடிகாலையில் பூசுங்கள்.

சதை நிறம் என்று குப்பியில் வருவது வெள்ளைக்காரர் தோல். நம் ஆட்களுக்கு அடர்ந்த பழுப்பில் கொஞ்சம் மஞ்சள் ஓக்கர், ஒரு சொட்டுச் சிவப்பு. வெளிச்சம் படும் மூக்கு, தோள், முழங்காலுக்கு இதோடு இன்னும் ஓக்கர் சேருங்கள். வெள்ளை சேர்த்தால் உடம்பு சாம்பல் பூசியது போலத் தெரியும். கும்பெனிச் சட்டையின் சிவப்பை நேராகக் கறுப்புப் பிரைமர்மேல் பூசினால் எத்தனை பூச்சு போட்டாலும் மங்கல்தான். அடியில் செங்கல் பழுப்பு ஒரு பூச்சு இருந்தால் இரண்டிலேயே எடுப்பாக வரும். வெளிச்சமும் நிழலும் விழும் விதத்தைக் கண்ணால் பழக வேண்டுமானால் கானாடுகாத்தான் பக்கம் வீட்டு முகப்புகளில் வெயிலில் நிற்கும் சுதை உருவங்களை மாலை நேரத்தில் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்பதை அவை நன்றாகக் காட்டும்.

அடித்தட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். நம் செம்மண்ணை வெயிலில் உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்து, ஃபெவிகால்மேல் தூவினால் போதும். கடைகளில் விற்கும் பாலைவன மணலைவிட இதுவே காளையார்கோவில் காட்டுக்குச் சரி. கொஞ்சம் காவி தேவைப்பட்டால், ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் சிமென்ட்டில் கலக்கும் ஆக்சைடு தூளில் ஒரு சிட்டிகை.

புதிதாகத் தொடங்குகிறவர் மென் பிளாஸ்டிக்கில் ஆங்கிலக் காலாட்படை ஒரு பெட்டி, ஜூலு ஒரு பெட்டி வாங்கினால் போதும். பாகைக்கு டிஷ்யூவும் ஃபெவிகாலும் வீட்டிலேயே இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரே ஒரு ஆளை எடுத்து, வெட்டுவதிலிருந்து வார்னிஷ் வரை முழுசாக முடித்து, ஒரு வாரம் கையில் எடுத்து வைத்துப் பழகிப் பாருங்கள். பூச்சு எங்கும் உரியவில்லை என்றால் மற்றவர்களின் தலையில் கத்தியை வைக்கலாம்.