ஒரு நாள் பிந்தி வரும் பேப்பர்: 15 ஆண்டு வாசிப்பு அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நான் பேப்பர் வாங்கும் கடைக்கு யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் இரவு பஸ்ஸில் வருகின்றன. விடியப்புறம் இறங்கும் அந்தக் கட்டுக்குள் இருப்பது முதல் நாள் பேப்பர். இன்றைய திகதி போட்ட கொழும்புப் பத்திரிகைகளுக்குப் பக்கத்தில் நேற்றைய திகதியோடு கிடக்கும். 2010இல் கொழும்புக்குக் குடிவந்த நாளில் இருந்து அதைத்தான் வாங்கிப் படிக்கிறேன். நேற்றைய பேப்பரைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று அலுவலகத்திலும் கேட்டார்கள், சொந்தக்காரரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்ன பதிலை இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. முன்பக்கத்தில் தொடங்குவேன். பாராளுமன்றம், ஜெனீவா, கட்சிக்காரரின் அறிக்கை, அதற்கு மறு அறிக்கை. கொழும்புப் பத்திரிகைகளான வீரகேசரியிலும் தினக்குரலிலும் முதல் நாளே வந்தவை. கைபேசியில் அதற்கும் முன்னரே வந்தவை. ஆறிய சோற்றைத் தின்பது போலத்தான் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அம்மா எங்களோடு வந்து தங்கினார். அவர் முன்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பேப்பரை வாங்கியதும் நடுவால் விரித்து, பல்கனியில் வெளிச்சம் விழும் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மரண அறிவித்தலில் தொடங்குவார்.

வயதானவர்கள் அதைத்தான் படிப்பார்கள் என்று முதலில் விட்டுவிட்டேன். ஒரு நாள் அம்மா கூப்பிட்டு, "பிள்ளை, இதை வாசிச்சுப் பார்" என்றார். புங்குடுதீவின் ஒரு வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், வவுனியாவையும் கனடாவையும் வதிவிடமாகவும் கொண்ட ஒரு மூதாட்டி. காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மகள், காலஞ்சென்ற இளைப்பாறிய தபால் அதிபரின் மனைவி. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன், கனடா, சுவிஸ், கொழும்பு என்று ஊர்கள். கடைசியில், இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். பத்து வரிதான். அதற்குள் ஒரு தீவு, ஓர் இடப்பெயர்வு, நாலு நாடுகளில் சிதறிய ஒரு குடும்பம் எல்லாம் இருந்தன. அந்த மூதாட்டியை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவருடைய மருமகன் என் அம்மாவோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். அன்று பின்னேரமே அம்மா இலக்கம் தேடி எடுத்துத் தொலைபேசியில் கதைத்தார். இருபது ஆண்டுக்குப் பிறகு கதைத்தார்கள்.

அன்றில் இருந்து நானும் உள்பக்கத்தில்தான் தொடங்குகிறேன்.

அடுத்தது மின்தடை அறிவித்தல். பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் பின்னேரம் வரை எந்தெந்த இடங்களில் மின்சாரம் தடைப்படும் என்ற பட்டியல். எனக்கு அது கையில் கிடைக்கும்போது அந்த மின்சாரம் போய்த் திரும்பியும் வந்திருக்கும். இருந்தும் ஒரு சொல் விடாமல் வாசிப்பேன். உரும்பிராய், கோண்டாவில், இருபாலை என்று போய், பிறகு இன்ன சந்தி, இன்ன அம்மன் கோவிலடி, இன்ன அரிசி ஆலை, இன்ன ஒழுங்கை என்று இறங்கும். வரைபடத்தில் பெயர் இல்லாத இடங்களுக்கு அங்கே பெயர் இருக்கும். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் முன்னால் இருந்து பார்த்த சந்திகள் வரிசையாக வரும். நாலாம் ஐந்தாம் முறை வாசிக்கும்போதுதான், ஒரு ஆலை இப்போது பட்டியலில் இல்லை, அந்த இடத்தில் திருமண மண்டபம் வந்துவிட்டது என்பதெல்லாம் பிடிபடும்.

சந்தை நிலவரமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் கத்தரிக்காய், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் என்ன விலை போனது என்று இருக்கும். வெள்ளவத்தைச் சந்தையில் நான் கொடுத்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோட்டக்காரன் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்பது நன்றாக விளங்கும். மழைக்குப் பிறகு வெங்காய விலை ஏறும்போது, வலிகாமத்தில் எந்தப் பக்கம் வெள்ளம் நின்றது என்று அதே பேப்பரின் இன்னொரு மூலையில் கிடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வர எனக்கு மூன்று நாலு ஆண்டு எடுத்தது.

இந்த வாசிப்புக்கு உண்மையான பள்ளிக்கூடம் ஊரில் இருந்த, எல்லோரும் கூடிப் பேப்பர் படிக்கிற சனசமூக நிலையம்தான். எங்கள் ஊர் நிலையத்தில் ஒரு நீள மேசை, இரண்டு வாங்கு. ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். கைக்கு வந்த பக்கத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அதனால் பொடியன்கள் காணி விளம்பரமும் படித்தார்கள், வயதானவர்கள் விளையாட்டுப் பக்கமும் படித்தார்கள். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் போட்டியைக் கொழும்புப் பத்திரிகைகளும் எழுதும். ஆனால் ஒரு சின்னப் பாடசாலையின் 15 வயதுப் பிரிவு வலைப்பந்து அணி வலய மட்டத்தில் வென்றதை, பிள்ளைகளின் பெயரோடும் பயிற்றுவித்த ஆசிரியையின் பெயரோடும் போடுவது உள்ளூர்ப் பேப்பர் மட்டும்தான். அந்தத் துண்டைக் கத்தரித்துச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செய்திகளுக்கு மேலே "சாவகச்சேரி நிருபர்", "நெடுந்தீவு நிருபர்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். முழுநேரச் சம்பளம் இல்லாமல் வேறொரு வேலையும் செய்துகொண்டு எழுதுபவர்கள் அவர்களில் நிறைய. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைக் கொழும்பில் இருந்து படிக்கிற நாங்கள் மறந்துவிடக் கூடாது. மயில்வாகனம் நிமலராஜன் பிபிசிக்கும் வீரகேசரிக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்து செய்தி அனுப்பியவர். 2000 ஒக்டோபர் 19 இரவு தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கும் முன்னர் 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1841இல் அமெரிக்க மிஷன்காரர் தமிழும் ஆங்கிலமுமாக உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கிய மண் அது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தொண்ணூறுகளின் பேப்பர்த் தாள் ஒன்று இருக்கிறது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் வராமல், கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சிட்டது. எழுத்துக்குக் குறுக்கே நீலக் கோடுகள் ஓடுகின்றன. அதைக் கையில் எடுத்த பிறகு எந்தப் பேப்பரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுப் போட எனக்கு மனம் வருவதில்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பெரியம்மா காலமானபோது ஒரு பத்திரிகைக்கு அறிவித்தல் கொடுத்தோம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய "மேற்கு" அச்சில் "கிழக்கு" ஆகிவிட்டது. கிரியை நேரமும் ஒரு மணித்தியாலம் பிந்திப் போட்டிருந்தார்கள். தூரத்தில் இருந்து வந்து, முகம் பார்க்கக் கிடைக்காமல் திரும்பிப் போன சொந்தக்காரர் இருக்கிறார்கள். மறுநாள் ஒரு மூலையில் சின்னப் பெட்டியாகத் திருத்தம் வந்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அதைவிடப் பெரிய குறை குற்றச் செய்திகளில். பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரை விட்டுவிட்டு, ஊரையும் வகுப்பையும் தகப்பனின் தொழிலையும் போட்டால், அந்த ஊரில் அவள் யார் என்று விளங்காத ஆளே இருக்க முடியாது. மரண அறிவித்தலுக்கு உயிர் கொடுக்கிற அதே நுணுக்கம் இங்கே ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறது. சந்தேகத்தில் பிடிபட்ட பொடியனின் கைது பெரிய எழுத்தில் வரும். நீதிமன்றம் அவனை விடுவித்தது எத்தனையாம் பக்கத்தில் வந்தது என்று நான் தேடிக் களைத்த நாட்கள் உண்டு. இப்படி ஒரு செய்திக்கு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பாதியை வெட்டிவிட்டுப் போட்டார்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்ப அதே பிழை. அதோடு அந்தப் பேப்பரை எட்டு மாதம் வாங்கவில்லை, இன்னொன்றுக்கு மாறினேன். பிறகு இரண்டையும் கிழமை மாறிக் கிழமை வாங்கத் தொடங்கினேன். பிழை கண்டால் இன்றும் எழுதுகிறேன். ஆண்டுக்கு மூன்று கடிதமாவது போகும். இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்து, எங்கே எடுத்தோம் என்று சொல்லாமல் போடுவதும் இப்போது கூடிவிட்டது. அந்தப் பக்கங்களை நான் படிப்பதே இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பஸ்ஸும் இல்லை, கட்டும் இல்லை. கைபேசித் திரையில் மின்னிதழ் பார்த்தேன். பக்கத்தைப் பெருப்பித்தால் ஒரு செய்தி மட்டும் தெரியும், சுருக்கினால் எழுத்து தெரியாது. அம்மாவால் முடியவே இல்லை. தலைப்பை எல்லாம் பார்த்திருப்பேன், ஆனால் மூலையில் கிடந்த எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு 2022. டொலர் இல்லாமல் அச்சுத்தாள் இறக்குமதி நின்ற நேரம். அந்த மார்ச்சில் தி ஐலண்ட், திவயின போன்ற பெரிய நாளேடுகளே அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போக நேர்ந்தது. தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையும் பிற்போட்டார்கள். எங்கள் பேப்பர் மெலிந்தது, விலை ஏறியது, அந்த விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. மாதச் செலவில் அது இப்போது கண்ணுக்குத் தெரிகிற தொகை. பால்மாவுக்கும் பஸ் காசுக்கும் கணக்குப் பார்க்கிற வீட்டில் எல்லா நாளும் வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒரு நாள்தான் முடியும் என்றால் ஞாயிறு வாங்கலாம். ஊர்ப் பக்கங்கள் அன்றைக்குத்தான் கூட இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை செய்கிறார். 2021இல் தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் வந்த நேரம் மலையகச் செய்திகள் வரும் பக்கங்களை அவருக்காக எடுத்து வைப்பேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் இருந்தவர் எழும்பி வந்து, "அக்கா, எங்க டிவிசன் பேர் போட்டிருக்காங்க" என்று காட்டினார். தோட்டத் தொழிலாளர் வரிசையாக இருக்கிற லயம் ஒன்றின் கூரை காற்றில் போன செய்தி. நாலு வரி. அவருடைய வீட்டில் இருந்து மூன்றாவது லயம். வீட்டுக்கு எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு அப்படி ஒரு பேப்பர் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. ஆடிவேல் ரதம் புறப்பட்டால் பெரிய பத்திரிகைகளில் படம் வரும். எங்கள் ஒழுங்கையில் மூன்று நாள் தண்ணீர் வராததும், கொட்டாஞ்சேனையில் மழைக்கு வீட்டுக்குள் வெள்ளம் ஏறுவதும், ஒரு தையல்கடை நாற்பது ஆண்டுக்குப் பிறகு மூடியதும் எங்கேயும் வருவதில்லை. எங்கள் இடத்துச் செய்தி எல்லாம் கடைச் சுவரில் ஒட்டுகிற கோவில் நோட்டீசிலும் கண்ணீர் அஞ்சலியிலும் முடிந்துவிடுகிறது. மழை வந்தால் அதுவும் கரைந்துவிடும். நாலு பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது யாராவது தொடங்கினால், செய்தி சேகரிக்க நான் வருவேன்.

சேர்த்து வைப்பதைப் பற்றியும் கொஞ்சம். வெள்ளவத்தை உப்புக்காற்றுக்குப் பேப்பர் ஒரே ஆண்டில் மஞ்சளாகிவிடும். பின் குத்தி வைத்தால் துருப் பிடித்துத் தாளைத் தின்னும், முதல் சேர்த்த துண்டுகள் எனக்கு அப்படித்தான் போயின. இப்போது வெட்டியதும் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பியில் பசையால் ஒட்டி, மேலே பேனையால் பேப்பரின் பெயரையும் திகதியையும் எழுதிவிடுகிறேன். திகதி எழுதாத துண்டு பிறகு எதற்கும் உதவாது. பழைய இதழ்களுக்கு நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இலவசமாகப் படிக்கக் கொடுக்கிறார்கள். தாத்தா படிப்பித்த பாடசாலையின் பரிசளிப்பு விழாச் செய்தியைப் பழைய ஈழநாட்டில் தேடிக் கண்டெடுத்த இரவு அம்மா நித்திரை கொள்ளவில்லை.

கடைக்காரர் முன்பு ஒரு கட்டே இறக்குவார். இப்போது ஆறு பிரதிதான் எடுக்கிறார். ஒன்றின் மூலையில் எங்கள் வீட்டு இலக்கத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். போன மாதம் எங்கள் மாடிக்கு மேலே சாவகச்சேரியில் இருந்து ஓர் ஐயா மகளோடு வந்து குடியேறினார். மகள் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை தனிய இருக்கிறார். அம்மா படித்து முடித்த பேப்பரை மடித்து, மரண அறிவித்தல் பக்கத்தை வெளியே தெரியும்படி வைத்து மேலே கொடுத்துவிடச் சொல்கிறார். நேற்றுப் பேப்பரோடு அந்த ஐயா திருப்பி அனுப்பிய துண்டில் ஒரு பெயருக்குக் கீழே கோடு போட்டு, "இவரை எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தார்.