வங்காள விசிறியா, ஹிகுராங்கி வாய்க்காலா?

புவித்தட்டுகளின் நகர்வு ஆழ்கடல் வண்டல் வாய்க்கால்களை எப்படி மாற்றுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல ஒரே ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான் நேரம் இருந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. வங்காள விரிகுடாவின் அடியில், ஆறுகள் கொண்டுவந்த வண்டல் விசிறிபோலப் பரந்து கிடக்கும் வங்காள விசிறி ஒன்று. நியூசிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஓடும் ஹிகுராங்கி வாய்க்கால் மற்றொன்று. நான் எடுத்தது வங்காள விசிறியை.

அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். சேறும் மணலும் கலந்து கனத்த நீர் சரிவில் இறங்குகிறது, தரையை அறுக்கிறது, வழிந்தால் இருபுறமும் கரை கட்டுகிறது. நீளத்திலும் இரண்டுமே ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியவை.

கண்ணுக்குத் தெரியும் விறுவிறுப்பு வேண்டுமென்றால் ஹிகுராங்கியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவில் கைக்கோரா நிலநடுக்கம் வந்தது. கரையை ஒட்டிய கடலடிப் பள்ளத்தாக்கில் தேங்கியிருந்த சுமார் 85 கோடி டன் வண்டல் கிளம்பி, வாய்க்கால் வழியாக 680 கிலோமீட்டருக்கு மேல் போனது. தட்டு அசைந்தது, வண்டல் ஓடியது. காரணமும் விளைவும் ஒரே நாளில் கையில் கிடைக்கின்றன.

ஆனால் கேள்வி ஒரு நாளைப் பற்றியது இல்லையே, புவியியல் காலத்தைப் பற்றியது. அங்கேதான் ஹிகுராங்கி தடுமாறுகிறது. பசிபிக் தட்டு நியூசிலாந்துக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. நான்கு சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் ஆண்டில் 40 கிலோமீட்டர் கடல்தரை உள்ளே போயிருக்கும். தட்டு உள்ளே நுழையும் இடத்தில் கடலடியில் உண்டாகும் நீண்ட பள்ளம்தான் அகழி. அதை ஒட்டி ஓடும் பகுதியில் வாய்க்கால் எழுதி வைத்ததெல்லாம், அதாவது படியவைத்த வண்டல் அடுக்குகள், தரையோடு சேர்ந்து நகர்கின்றன. கொஞ்சம் தட்டோடு கீழே போகிறது, மிச்சம் சுரண்டப்பட்டு, மடிந்து, நொறுங்கிக் கரையோரச் சரிவில் ஒட்டிக்கொள்கிறது. அகழியை விட்டுக் கிழக்கே திரும்பிய பிறகு வாய்க்காலுக்கு இந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் தட்டின் கை நேரடியாகப் படும் இடத்தில்தான் பதிவு நிலைப்பதில்லை. (அந்த மடிந்த பாறைகளைக் களத்தில் தொட்டுப் பார்த்துப் பழகியவர் என்னைவிடக் கனிவாகப் பேசலாம். என் அறிவு அதில் படிப்போடு சரி.)

வங்காள விசிறியில் பதிவு அழியாமல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இமயம் உயர உயர, அரிக்கப்பட்டது கங்கையும் பிரம்மபுத்திராவும் வழியாகக் கடலுக்கு வந்தது. இன்று விசிறியின் நீளம் சுமார் 3,000 கிலோமீட்டர். கழிமுகத்துக்கு எதிரே உள்ள பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு வாய்க்கால்தான் இப்போது உயிரோடு இருக்கிறது. அதற்கு முந்தியவை, தம் கரைமேடுகளோடு, ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்திருக்கின்றன.

இதில் ஒரு பொறி உண்டு, சொல்லிவிடுகிறேன். தட்டு எதுவும் செய்யாமலேயே வாய்க்கால் இடம் மாறும். தன் கரையைத் தானே உயர்த்திக்கொண்டே போய், ஒருநாள் உடைத்துக்கொண்டு பக்கத்துத் தாழ்வுக்குப் போய்விடும். ஆகவே கடல்தரையில் போட்ட ஒரு துளையில் மணல் நின்றுபோனதைப் பார்த்து இமயம் ஓய்ந்தது என்று சொல்ல முடியாது. வாய்க்கால் நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கலாம். 2015இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல், பன்னாட்டுத் துளையிடல் திட்டத்தின் 354ஆம் பயணத்தில், 8 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டிச் சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏழு இடங்களில் வரிசையாகத் துளையிட்டதன் நியாயம் இதுதான். ஓரிடத்தில் இல்லாதது பக்கத்தில் அகப்படும். வரிசை முழுவதையும் கூட்டிப் பார்த்தால்தான் மலையிலிருந்து வந்த அளவு தெரியும். அப்போதும் பருவமழையின் பங்கையும் கடல்மட்டத்தின் பங்கையும் தனியே பிரிப்பது லேசான வேலை இல்லை.

தட்டின் நேரடிக் கையும் இங்கே இல்லாமல் இல்லை. விசிறியின் தென்கோடியில் இந்தியத் தட்டின் உட்பகுதியே நெருக்கப்பட்டு மடிந்திருக்கிறது. 1987இல் அங்கே துளையிட்டபோது, அந்த மடிப்பு ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று தெரிந்தது. தேதி கிடைத்த விதம் எளிது. மேடு கிளம்புவதற்கு முன் படிந்த அடுக்குகள் அதனோடு சாய்ந்திருக்கின்றன, பின்னால் வந்தவை அதன் தோளில் முட்டி நிற்கின்றன. ஹிகுராங்கி அகழியை ஒட்டிய வாய்க்கால் படிவுகளில் இத்தனை பழையவை இப்படிக் கலையாமல் கிடைப்பது அரிது.

வங்காளத்துக்கும் ஒரு விளிம்பு ஆபத்து உண்டு. 90 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிக் கடலடியில் நீளும் தொண்ணூறு கிழக்கு மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் நிக்கோபார் விசிறியும் இதே இமய வண்டல்தான். அது சுமார் 95 லட்சம் ஆண்டுகளுக்கு முன் திடீரென வேகம் பிடித்து, 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வாக்கில் தளர்ந்தது. இப்போது அதன் கிழக்கு ஓரம் சுமத்ரா அகழிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஓரத்தை மட்டும் எடுத்தால் ஹிகுராங்கியின் குறை அப்படியே இங்கேயும் வந்துவிடும். நான் பாடத்துக்கு நடு விசிறியை எடுத்ததும் அதனால்தான்.

கேள்வி சில ஆயிரம் ஆண்டு நிலநடுக்கங்களைப் பற்றியது என்றால், சரி, யோசிக்காமல் ஹிகுராங்கியை எடுங்கள்.