கடைசி நொடியா, முதலிலேயே உச்ச விலையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய காசு, நோட்டு சேர்க்கும் எங்களுக்குள் ஓயாத பேச்சு இது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்து வாழைமர நோட்டு ஈபே இணையத் தளத்தில் ஏலத்துக்கு வந்தால் எப்போது விலை கேட்பது?

முதலிலேயே உச்ச விலையைப் போட்டுவிடலாம். 80 வெள்ளி என்று போட்டாலும் அது யாருக்கும் தெரியாது. எதிராளி கேட்கக் கேட்கத்தான் நம் விலை ஏறும். இருவர் ஒரே தொகை கேட்டால் முந்தியவருக்கே நோட்டு. அப்புறம் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். ஆனால் தோற்பதைப் பார்ப்பவருக்கு ரோஷம் வந்துவிடும், ஏற்றிக்கொண்டே போவார்.

கடைசி ஐந்து நொடியில் கேட்டால் அந்த ரோஷத்துக்கு நேரமே இல்லை. ஈபேயில் முடிவு நேரம் நீளாது என்பதால்தான் இது பலிக்கிறது. அமேசானில் முன்பு நடந்த ஏலத்தில் கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீண்டுவிடும். அங்கே இப்படிக் காத்திருந்தவர்கள் குறைவு என்று ரோத், ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2002இல் எழுதினார்கள்.

ஆபத்து லைனில்தான். ஒருநாள் ராத்திரி நல்ல மழை. ஒட்டுக்கடை மேசையில் போனை வைத்து விரலால் அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நோட்டு போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

இருந்தாலும் எனக்குக் கடைசி நொடிதான் சரி. உச்ச விலையை முன்பே தாளில் எழுதிவைத்து, ஒரே தடவை கேட்பேன். மழை இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் சாயங்காலமே போட்டுவிடுவேன்.