பழைய ஆல்பம்: ஸ்கேனரா, போனா?

அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தைக் கணினியில் ஏற்றிவைக்க ஆசை. எதைக் கொண்டு என்பதில்தான் குழப்பம்.

செலவு: போனில் கூகுள் போட்டோஸ்கேன் செயலி இலவசம். ஸ்கேனருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வீட்டுப் பிரிண்டரிலேயே ஸ்கேனர் இருந்தால் அதுவே போதும்.

வேகம்: போன்தான்.

தரம்: இதில் ஸ்கேனரை மிஞ்ச முடியாது. 4 × 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால் 2400 × 3600 பிக்சல் கிடைக்கும். இருமடங்கு பெரிதாக அச்சிட்டாலும் 300 டிபிஐ நிற்கும், படம் தெளிவாகவே இருக்கும். கண்ணாடியை மட்டும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள், ஒரு தூசிகூட முகத்தில் புள்ளியாக விழும். போன் செயலி, படத்தில் விழும் வெளிச்சத்தை நீக்கப் பல கோணங்களில் எடுத்துச் சேர்க்கிறது. அதில் நுணுக்கம் கொஞ்சம் போய்விடுகிறது.

ஒட்டிக்கொண்ட படங்கள்: பசைத்தாள் ஆல்பத்தில் இருப்பதை உரிக்கவே உரிக்காதீர்கள், கிழிந்தால் போனதுதான். அங்கே போன்தான் பாதுகாப்பு.

சொந்தக்காரர்களுக்கு அனுப்பவும் டிவியில் பார்க்கவும் போன் போதும். தாத்தாவின் ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட ஸ்கேனர் வேண்டும். அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.